ஓசு படத்துல அந்த ஜாடி: ஒரு பிலிம் குரூப் ஷாட் ஷாட்டா உக்காந்து பார்த்ததோட முழு பதிவு

பின்னணி

இது ஒரு சின்ன பிலிம் ஸ்டடி குரூப்ல நடந்தது. யார் பேரும் போட வேணாம்னு முன்னாடியே பேசிக்கிட்டோம், அதனால ஆளுங்கள அவங்க செய்ற வேலைய வெச்சே சொல்றேன். ஒரு காலேஜ் லெக்சரர், சீரியல் எடிட்டிங்ல அசிஸ்டன்டா இருக்கிற ஒரு பொண்ணு, பேங்க்ல இருந்து ரிட்டயர் ஆன ஒரு சார், விஸ்காம் படிக்கிற ரெண்டு பசங்க, அப்புறம் படம் போடுறது நோட்ஸ் எடுக்கிறதுன்னு பாத்துக்கிற நான். எல்லாரும் ரொம்ப நாளா உலக சினிமா பாக்குறவங்கதான். ஆனா படம் முடிஞ்சதும் பேச்சு "மனச என்னமோ பண்ணுதுல்ல" அப்படிங்கிறதோட நின்னுடும், இல்லன்னா யாராவது எங்கயோ படிச்ச ஒரு தியரிய எடுத்து விடுவாங்க, அதோட எல்லாரும் அமைதி ஆயிடுவோம். படத்துல உண்மையிலேயே என்ன இருக்குன்னு யாரும் கைய வெச்சு காட்டுறது கிடையாது. இத மாத்தணும்னுதான் ஒரே ஒரு டைரக்டரோட முதிர்ந்த காலத்து படங்கள எடுத்து நிதானமா பாக்கலாம்னு முடிவு பண்ணோம்.

எடுத்தது யசுஜிரோ ஓசு. 1903ல டோக்கியோல பொறந்தவர், 1923ல ஷோச்சிக்கு ஸ்டுடியோல சேர்ந்தார், 1963ல தன்னோட 60வது பொறந்தநாள் அன்னிக்கே இறந்துட்டார். 1949ல வந்த லேட் ஸ்பிரிங்ல ஆரம்பிச்சு 1962ல வந்த ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன் வரைக்கும் 13 படம், எல்லாத்துக்கும் திரைக்கதைல கூட உக்காந்தவர் கோகோ நோடா. இந்த 13தான் பொதுவா அவரோட முதிர்ந்த கட்டம்னு சொல்றது. கேமரா தரைல உக்காந்திருக்கிற ஆளோட கண்ணுக்கும் கீழ இருக்கும், 50 எம்எம் லென்ஸ், ஃபேட் டிசால்வ் எதுவும் இல்லாம நேர் கட், பேசுறவங்க கிட்டத்தட்ட நம்மள பாத்தே பேசுவாங்க. 1958ல கலருக்கு வந்ததுக்கு அப்புறம் கேமரா அசையறதே நின்னு போச்சு.

ஏன் ஓசுன்னு கேட்டா, கத அவர்கிட்ட ரொம்ப கம்மி. கல்யாணம் ஆகாத பொண்ணு, தனியா ஆகப்போற அப்பாவோ அம்மாவோ, நடுவுல ஒரு அத்தை, அவ்வளவுதான். கத கம்மியா இருந்தா பார்வை வேற எங்கயும் ஓடாதுன்னு நெனச்சோம்.

எந்த சீன்

லேட் ஸ்பிரிங்ல ஆரம்பிச்சோம். டோக்கியோ பக்கத்துல காமகுராங்கிற ஊர்ல ஒரு புரொபசர் அப்பா (சிஷூ ரியூ), அவர பாத்துக்கிற 27 வயசு பொண்ணு நோரிகோ (செட்சுகோ ஹாரா). அவளுக்கு கல்யாணம் பண்ணி வெக்கணும்னு அத்தை துடிக்கிறாங்க, அவளுக்கு போக மனசில்ல. அப்பா தானே மறுகல்யாணம் பண்ணிக்க போறதா ஒரு பொய் சொல்றார், அப்பதான் அவ கெளம்புவான்னு. கல்யாணத்துக்கு முன்னாடி அப்பாவும் பொண்ணும் கடைசியா க்யோட்டோவுக்கு போறாங்க. ராத்திரி சத்திரத்துல ஒரே ரூம்ல பக்கத்து பக்கத்துல மெத்தை போட்டு படுத்திருக்காங்க. அந்த ரூம்ல காகித கதவுக்கு முன்னாடி ஒரு ஜாடி இருக்கு. உலக சினிமால இந்த ஒரு ஜாடிய பத்தி எழுதின அளவுக்கு வேற எந்த பொருளப் பத்தியும் எழுதியிருப்பாங்களான்னு சந்தேகம். சினிமா விமர்சகர்கள்ல பால் ஷ்ரேடர் 1972லயே எழுதினார், டொனால்ட் ரிச்சி எழுதினார், கிறிஸ்டின் தாம்ப்சன் எழுதினாங்க, பிரெஞ்சு தத்துவவாதி டெல்யூஸ் எழுதினார். ஒருத்தர் அது அசையாத நிரந்தரம்ங்கிறார், ஒருத்தர் பாக்குற நம்ம உணர்ச்சிய கொட்டி வெக்க ஒரு பாத்திரம்ங்கிறார், இன்னொருத்தர் அது காலத்தோட நேரடி பிம்பம்ங்கிறார், தாம்ப்சன் கதைக்கு சம்பந்தமே இல்லாம வேணும்னே உள்ள செருகின பொருள்ங்கிறாங்க.

இதெல்லாம் லெக்சரருக்கு நல்லா தெரியும், மத்தவங்களுக்கு அரைகுறையா தெரியும். அதான் பிரச்சனையோட ஆரம்பம்.

முதல் சுற்றுல பார்த்தது

படம் முழுசா ஒரு தடவ போட்டோம். முடிஞ்ச ஒடனே யாரும் யார்கூடயும் பேசாம அந்த ஜாடி சீன நினைவுல இருந்து எழுதணும், எந்த ஷாட்டுக்கு அப்புறம் எந்த ஷாட்னு மட்டும், அர்த்தம் வேணாம்னு சொல்லிட்டேன். படத்த பாத்து கொஞ்ச நேரம்கூட ஆகல, ஆனா ரெண்டு பேப்பர் ஒன்னா இல்ல.

ஒரு பையன் ஜாடி ஒரே ஒரு தடவ வருதுன்னு எழுதியிருந்தான். இன்னொருத்தன் அவ அழுவுறா, அழுதுட்டு ஜாடிய பாக்குறா, அப்புறம் ஜாடின்னு எழுதியிருந்தான். லெக்சரர் நிலா வெளிச்சம் ஜாடி மேல விழுதுன்னும் அவ அமைதி ஆயிடுறான்னும் எழுதியிருந்தார். ரிட்டயர்டு சார் ஜாடிய பத்தி ஒரு வரிதான், மிச்சம் முழுக்க அந்த அப்பா தூங்குற ஷாட்ட பத்தி. எடிட்டிங் பொண்ணு மட்டும் ஜாடி ரெண்டு தடவன்னு எழுதிட்டு ஓரத்துல "முகம் மாறியிருக்கு, எங்க மாறுச்சுன்னு தெரியல"ன்னு ஒரு குறிப்பு போட்டிருந்தா.

இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது. மார்க் நார்ன்ஸ்னு ஒரு ஜப்பானிய சினிமா ஆய்வாளர் இந்த ஜாடிய பத்தியே ஒரு கட்டுரை எழுதியிருக்கார், இந்த ஒரு இடத்துக்கு எத்தனை பேர் எத்தனை விதமா முட்டிக்கிற மாதிரி விளக்கம் குடுத்திருக்காங்கன்னு அதுல காட்டுறார். அர்த்தத்த மனசுல வெச்சுக்கிட்டு பாத்தா அந்த அர்த்தத்துக்கு ஏத்த மாதிரி ஷாட்டோட வரிசையே நினைவுல மாறிடுது, எங்க குரூப்ல அது கண்ணு முன்னாடி நடந்துச்சு.

எடுத்த முடிவும் காரணமும்

பேப்பர்கள பக்கத்து பக்கத்துல வெச்சு பாத்ததும் சில விஷயம் முடிவு பண்ணோம். ஷாட் லிஸ்ட் முடியற வரைக்கும் எந்த விமர்சகர் பேரும் சொல்லக்கூடாது, இது முதல். லெக்சரருக்கு இது பிடிக்கல, "படிச்சத மறந்துட்டா பாக்க முடியும்?"னு நியாயமா கேட்டார். மறக்க வேணாம் சார், வரிசை தெரிஞ்சதுக்கு அப்புறம் எடுத்துக்கலாம்னு பேசி ஒத்துக்க வெச்சோம்.

ரெண்டாவது சப்டைட்டில். இது சின்ன விஷயமா தெரியும், ஆனா என்ன கேட்டா இதுதான் பெரிய விஷயம். ஓசு படத்துல ஆளு நேரா கேமராவ பாத்து பேசுறப்போ நம்ம கண்ணு கீழ எழுத்துல இருக்கு, முகத்துல நடக்கிறது பாதி போயிடுது. அதனால வசனத்த முதல்ல பேப்பர்ல குடுத்து எல்லாரும் படிச்சிட்டு, அதுக்கப்புறம் சப்டைட்டில ஆஃப் பண்ணி அந்த சீன போட்டோம். விஎல்சிங்கிற வீடியோ பிளேயர்ல ஈ கீய அழுத்தி ஒவ்வொரு ஃபிரேமா நகத்துறத எடிட்டிங் பொண்ணு பாத்துக்கிட்டா.

மூணாவது, ஒவ்வொரு ஷாட்டுக்கும் நாலு விஷயம் மட்டும் எழுதறது: யார் இருக்காங்க, எங்க பாக்குறாங்க, எவ்வளவு நேரம், என்ன சத்தம். "சோகமா", "தனிமையா" மாதிரி வார்த்தைக்கு தடை. "வாய் ஓரம் மேல போகுது", "கண்ணு மேல கூரைய பாக்குது"ன்னு எழுதலாம்.

ஷாட் லிஸ்ட்ல வந்தது

நோரிகோ படுத்துக்கிட்டே அப்பாகிட்ட பேசுறா. அப்பாவோட சினேகிதர் ஒனோடெரா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டவர், அவர அசிங்கம்னு படத்தோட ஆரம்பத்துல முகத்துக்கு நேரா சிரிச்சுக்கிட்டே சொன்னவ அவதான். இப்ப அவரையும் அவர் மனைவியையும் நேர்ல பாத்துட்டு, அப்படி சொன்னது தப்புன்னு சொல்றா. அப்புறம் மெதுவா, உங்க விஷயத்தயும் நெனச்சு எனக்கு ரொம்ப வெறுப்பா இருந்துச்சுன்னு ஆரம்பிக்கிறா. பதில் இல்ல. திரும்பி பாத்தா அப்பா தூங்கிட்டார், குறட்டை.

அவ மேல கூரைய பாக்குறா, லேசா சிரிக்கிற முகம். கட். ஜாடி, பின்னாடி காகித கதவுல இலை நிழல், 6 செகண்ட். கட். மறுபடி நோரிகோ, இப்ப சிரிப்பு இல்ல, அழுகைக்கு ரொம்ப பக்கத்துல இருக்கிற முகம். கட். அதே ஜாடி, அதே ஃபிரேம், இந்த தடவ 10 செகண்ட், மியூசிக் ஏறுது. கட். ரியோஆன்ஜி கோயிலோட கல் தோட்டம், பகல்.

இவ்வளவுதான் சீன். இத போர்டுல எழுதினதும் முதல்ல விழுந்தது "அவ ஜாடிய பாத்து அழுதா"ங்கிறது. ஜாடிக்கு முன்னாடி ஷாட்ல அவ கண்ணு மேல கூரைல இருக்கு, ஜாடி கீழ தரைல இருக்கு. அவ ஜாடிய பாக்குறதா படம் எங்கயும் சொல்லல. அப்ப அந்த ஜாடி யாரோட பார்வை? யாரோடயும் இல்ல. இத எடிட்டிங் பொண்ணுதான் சொன்னா, சீரியல்ல முகம் காட்டிட்டு பொருள காட்டினா அந்த ஆளு அத பாக்குறாங்கன்னு எல்லாருக்கும் பழகிடுச்சு, அந்த பழக்கத்துலதான் நாமளே மனசுக்குள்ள கோடு போட்டு சேத்துடுறோம்னு.

அடுத்து அவ பேப்பர் ஓரத்துல எழுதின குறிப்புக்கு பதில் கெடச்சுது. முகம் எங்க மாறுச்சு? அந்த 6 செகண்ட்ல, நமக்கு காட்டாத இடத்துல. சுமார் 144 ஃபிரேம், அதுல ஒன்னுலகூட அவ இல்ல, ஆனா சீன்ல நடக்கிற ஒரே சம்பவம் அதுதான். செட்சுகோ ஹாரா மாதிரி ஒரு நடிகை கையில இருக்காங்க, சிரிப்புல இருந்து கண்ணீருக்கு ஒரே ஷாட்ல போய் காட்டுவாங்க, எந்த டைரக்டரும் அத விட்டுக்குடுக்க மாட்டார். ஓசு கேமராவ திருப்பி ஒரு ஜாடி மேல வெச்சுட்டார்.

நோ நாடக சீனோட ஒப்பிட்டது

இங்க ரிட்டயர்டு சார் ஒரு நல்ல கேள்வி கேட்டார். அவரால முகம் மாறுறத காட்ட முடியாமலா, அந்த நாடக சீன்ல காட்டினாரே?

அது உண்மை. க்யோட்டோவுக்கு முன்னாடி அப்பாவும் பொண்ணும் நோ நாடகம் பாக்க போறாங்க, அது ஜப்பானோட ரொம்ப பழைய முகமூடி நாடகம். எதிர்ப்பக்கம் மிவான்னு ஒரு விதவை அம்மா உக்காந்திருக்காங்க, அப்பாவுக்கு பேசிக்கிட்டிருக்கிறதா அத்தை சொன்ன ஆளு. அப்பா அவங்கள பாத்து சிரிச்சு வணங்குறார், நோரிகோவும் சிரிச்சு வணங்குறா. அதுக்கப்புறம் சிரிப்பு எறங்குது, தல குனியுது, எல்லாம் நம்ம கண்ணு முன்னாடி, மேடைல பாட்டும் மேளமும் போய்க்கிட்டிருக்கு, இவங்க பக்கம் ஒரு வசனம் கிடையாது. வெளிய வந்ததும் அப்பாவ விட்டுட்டு ரோட்டோட அந்தப் பக்கம் வேகமா போயிடுறா.

ரெண்டு சீனையும் அடுத்தடுத்து போட்டு பாத்தோம். ஒரே நடிகை, ஒரே மாதிரி சிரிப்பு, ஒரே மாதிரி சிரிப்பு போறது. ஒன்னுல முழுசா காட்டுறார், ஒன்னுல மறைக்கிறார். அப்ப அது ஸ்டைல் பழக்கத்துல வந்தது இல்ல, யோசிச்சு எடுத்த முடிவு.

லெக்சரரோட விளக்கம், ஜாடி சீன்ல அவ கல்யாணத்துக்கு மனசார ஒத்துக்கிறாங்கிறது. கேக்க நல்லா இருந்துச்சு, கிட்டத்தட்ட எல்லாரும் தலையாட்டிட்டோம். ஒரு பையன்தான் அடுத்த சீன போட சொன்னான். ஊருக்கு கெளம்ப மூட்ட கட்டுற சீன், அதுல அவ தெளிவா சொல்றா, நான் இப்படியே உங்ககூடவே இருக்கணும், எங்கயும் போக வேணாம், நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் பரவால்லன்னு. அப்பா ரொம்ப நீளமா பேசி, சந்தோஷம்ங்கிறது காத்திருந்து வர்றது இல்ல, நீயும் உன் புருஷனும் சேந்து உண்டாக்கணும்னு சொன்னதுக்கு அப்புறம்தான் ஒத்துக்கிறா. அதாவது ஜாடி ராத்திரி அவ எதுக்கும் ஒத்துக்கல. வரிசை அதுக்கு எடம் குடுக்கல.

அப்ப அந்த ராத்திரி என்ன மாறுச்சு? "நீங்க கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் பரவால்ல" அப்படிங்கிற வரி ஜாடிக்கு முன்னாடி அவ வாய்ல வந்திருக்கவே முடியாது. நாடக அரங்குல உண்டான கோவம் க்யோட்டோ ராத்திரில கரைஞ்சிருக்கு. கோவம் போயிட்டா அப்பாவ விட்டுட்டு போறதுக்கு அவகிட்ட இருந்த ஒரே காரணமும் போயிடுது, மிச்சம் வெறும் பிரிவு. அதனாலதான் சிரிப்புக்கு அப்புறம் அந்த முகம்னு எனக்கு தோணுது. கோவம் வர்றத ஓசு நேரா காட்டினார், கோவம் போறத காட்டல. நோட்ஸ்ல இத குரூப்போட முடிவா எழுதாம "வரிசையோட ஒத்துப்போற விளக்கம்"னு மட்டும் எழுதினோம்.

தீராத ஒன்னு

ரிட்டயர்டு சார் கடைசி வரைக்கும் அந்த அப்பா தூங்கவே இல்லன்னுதான் சொன்னார். அவர் பொண்ணுக்கும் சமீபத்துலதான் கல்யாணம் ஆச்சு, அதனால சொந்த அனுபவத்த படத்து மேல ஏத்துறார்னு பசங்க நெனச்சாங்க. "தம்பி, அனுபவத்த விடு, படத்துலயே இருக்கு"ன்னு சொல்லி கடைசிக்கு முந்தின சீன போட சொன்னார். கல்யாணம் முடிஞ்சு அப்பா நோரிகோவோட சினேகிதி ஆயாகூட உக்காந்து குடிக்கிறார். மறுகல்யாணம்னு சொன்னது பொய், வாழ்க்கைல தான் சொன்ன ஒரே பெரிய பொய்ன்னு சொல்றார். அந்த பொய்ய அவர் எப்படி சொன்னார்னு திரும்பி போய் பாத்தோம். பொண்ணு ஒவ்வொன்னா கேக்குறா, அவர் முகத்துல எதுவும் தெரியாம தலைய மட்டும் ஆட்டுறார். இப்படி நடிக்க தெரிஞ்ச ஆளு குறட்டை விடுற மாதிரி நடிக்க மாட்டாரா?

ஷாட் லிஸ்ட்ல குறட்டை சத்தம்னு மட்டும்தான் இருக்கு. நிஜமா தூங்குறாரா இல்லயான்னு தீர்மானிக்க ஒரு ஃபிரேமும் உதவல. அவர் கேட்டுக்கிட்டு இருந்தார்னு எடுத்துக்கிட்டா மூட்ட கட்டுற சீன்ல அவர் பேசுற பேச்சோட எடையே வேற ஆயிடுது. இத அப்படியே திறந்து விட்டுட்டோம்.

பின்னாடி வந்த படங்கள்ல சோதிச்சது

ஒரு சீன வெச்சு டைரக்டர பத்தி பேசுறது சரியில்லன்னு, முக்கியமானது திரைக்கு வெளிய நடக்குதாங்கிற ஒரே கேள்விய வெச்சுக்கிட்டு மத்த படங்கள பாத்தோம். லேட் ஸ்பிரிங்லயே மாப்பிள்ளை சதாகே ஒரு தடவகூட திரைல வரல, ஆளு ஹாலிவுட் நடிகர் கேரி கூப்பர் ஜாடைன்னு பேச்சுல மட்டும் வர்றார், கல்யாணமும் காட்டல. டோக்கியோ ஸ்டோரில (1953) அந்த அம்மாவுக்கு ரயில்ல ஒடம்பு முடியாம போய் ஒசாகால எறங்கினத மகன் ஆபீஸ்ல இன்னொருத்தர்கிட்ட சொல்லித்தான் நமக்கே தெரியுது.

1960ல லேட் ஆட்டம், அதே கத, ஆனா 11 வருஷம் முன்னாடி பொண்ணா நடிச்ச செட்சுகோ ஹாரா இப்ப தனியா ஆகப்போற அம்மா. 1962ல ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூன், மறுபடி சிஷூ ரியூ அப்பா, பொண்ணு மிச்சிகோவா ஷிமா இவாஷிதா. இந்த படம் எழுதிக்கிட்டிருந்தப்போதான் ஓசுவோட அம்மா இறந்தாங்க, கல்யாணமே பண்ணிக்காம கடைசி வரைக்கும் அவங்ககூட இருந்தவர்.

இந்த கடைசி படத்துல ஒரு இடம் எங்களுக்கு ஜாடியோட தொடர்ச்சியா தெரிஞ்சுது. மிச்சிகோவுக்கு பிடிச்ச பையனுக்கு வேற எடத்துல முடிவாயிடுச்சுன்னு அப்பாவும் அண்ணனும் சொல்றாங்க. அவ அமைதியா கேட்டுக்கிட்டு மாடிக்கு போயிடுறா. நல்லா தாங்கிக்கிட்டான்னு இவங்க நிம்மதி ஆகுறாங்க, அப்ப தம்பி வந்து அக்கா அழுவுறான்னு சொல்றான். அப்பா மேல போய் பாக்குறப்போ அவ அளவெடுக்கிற டேப்ப வெரல்ல சுத்திக்கிட்டு உக்காந்திருக்கா. அழுததுக்கு ஒரு ஃபிரேம் கிடையாது. 1949ல ஜாடிய வெச்சு ஒரு ஷாட்ல மறைச்சவர் 1962ல பொருள்கூட வெக்காம ஒரு மாடிப்படிய மட்டும் வெச்சு மறைச்சிருக்கார். முதிர்ச்சின்னு ஓசுகிட்ட எத சொல்றதுன்னு கேட்டா நான் இந்த ரெண்டு சீனையும் பக்கத்துல வெச்சு காட்டுவேன்.

என்ன விளைஞ்சது

குரூப்ல பேச்சு மாறுச்சு, இது நிச்சயம். யாராவது ஏதாவது சொன்னா "எந்த ஷாட்ல?"ன்னு கேக்குறது பழக்கமாயிடுச்சு, கேக்குறவங்க மரியாதையோடதான் கேக்குறாங்க. லெக்சரர் ஷாட் லிஸ்ட் முடிஞ்சதுக்கு அப்புறம் விமர்சகர்கள மறுபடி எடுத்துட்டு வந்தார், இப்ப அது ரொம்ப பிரயோஜனமா இருந்துச்சு, ஏன்னா ஒவ்வொருத்தர் எழுதினதையும் வரிசையோட ஒட்டி பாக்க முடிஞ்சுது. தாம்ப்சன் சொல்ற மாதிரி அது யாரோட பார்வையும் இல்லங்கிறது நிக்குது. ரிச்சி சொல்ற பாத்திரம்ங்கிறதுக்கும் எடம் இருக்கு, ஆனா அந்த பாத்திரத்துல என்ன இருக்குன்னு படம் நமக்கு சொல்லலங்கிறதயும் சேத்துக்கணும்.

ஒரு இழப்பும் இருந்துச்சு. பசங்கள்ல ஒருத்தன் வர்றத நிறுத்திட்டான். ஃபிரேம் ஃபிரேமா நகத்தினதுல படம் செத்துடுச்சு, இப்ப அந்த சீன பாத்தா எனக்கு செகண்ட்தான் தெரியுது, அவ தெரியலன்னு சொன்னான். அவன் சொன்னதுல நியாயம் இருக்கு. நிறைய பேருக்கு முன்னாடி ஒரு தடவ முழு படத்தையும் நிறுத்தாம போட்டு முடிச்சிருந்தா அவனுக்கு அந்த சீன் திரும்ப கெடச்சிருக்கலாம், நாங்க அத செய்யல.

அடுத்த தடவ மாத்தப்போறது

பேர் வாங்கின சீன்ல ஆரம்பிக்கிறதில்ல. நோ நாடக சீன்ல ஆரம்பிச்சு க்யோட்டோவுக்கு வந்திருந்தா, மறைச்சது தானா கண்ணுல பட்டிருக்கும், ஜாடிங்கிற பேரோட பாரமும் கொறஞ்சிருக்கும். ஜப்பானிய மொழி தெரிஞ்ச ஒருத்தர் கண்டிப்பா கூட உக்காரணும், அவ தன் வெறுப்ப பாதில நிறுத்துற அந்த வாக்கியம் எப்படி நிக்குதுங்கிறது சப்டைட்டில வெச்சு பாக்குற விஷயம் இல்ல. மியூசிக்க தனியா ஒரு வரிசையா எழுதணும், முதல் ஜாடிக்கும் ரெண்டாவது ஜாடிக்கும் உள்ள வித்தியாசம் நீளத்துலயும் சத்தத்துலயும்தான் இருக்கு, நாங்க நீளத்த மட்டும்தான் ஒழுங்கா அளந்தோம். ஷாட் லிஸ்ட் போடுற வாரமும் முழு படம் நிறுத்தாம பாக்குற வாரமும் மாறி மாறி வரணும், ரெண்டாவது வாரத்துல பேனா பேப்பர் கூடாது.

அடுத்து எடுத்திருக்கிறது 1951ல வந்த எர்லி சம்மர். நின்னு போன பையன்கிட்ட முழு படம் போடுற வாரத்துக்கு மட்டும் வர சொல்லி கேட்டிருக்கோம், யோசிச்சு சொல்றேன்னு சொல்லியிருக்கான்.